மூன்றாவது அலையும் ஒரு பித்தளை டம்ளரும்

திருப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே ஒரு குதிரை வண்டிக்காரரிடம் வழி கேட்டேன். "நாச்சிமுத்துவின்ர பனியன் கம்பெனி எங்கை இருக்குது, தெரியுமோ?" அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மலையாளத்துக்காரருங்களா?" என்றார். எனக்குச் சுர்ரென்று வந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, கொழும்பில் ஏழு வருடமாகப் பௌதிகம் படிப்பிக்கிறவன் நான். என் தமிழுக்கு என்ன குறை?

"நான் சிலோன்" என்றேன். அவ்வளவுதான், மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, சிலோனுங்களா! உங்க ஊர்ப் பாட்டைத்தானுங்க நாங்க நாள் பூரா ரேடியோவுல கேக்கறோம். ஏறுங்க, ஏறுங்க." பாட்டுப் போடுகிற அறிவிப்பாளர் எனக்குச் சொந்தமா, ஒரே தெருவா என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தார். இல்லை என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

நாச்சிமுத்து என்ற பெயர் அந்த ஊரில் இத்தனை பேருக்கு இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. முதல் நாச்சிமுத்துவின் கம்பெனியில் இறக்கிவிட்டார். அவர் எனக்கு முன்பின் தெரியாதவர். இருந்தாலும், "அது கெடக்குதுங்க, வந்தது வந்தீங்க, ஒரு காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று உட்கார வைத்துவிட்டார். இரண்டாவது நாச்சிமுத்துவும் அதேபோலத்தான். அவர் காப்பியோடு முறுக்கும் கொடுத்தார். இரண்டு இடத்திலும் நான் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. மூன்றாவது கம்பெனியின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நெஞ்செல்லாம் காப்பி. தேத்தண்ணிக்குப் பழகிய வயிறு, பாவம்.

மூன்றாவது நாச்சிமுத்துதான் என்னுடையவன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். "ஏப்பா, நிசமாவே வந்துட்டியா! கடுதாசியில நீ சும்மா மெரட்டறேன்னுதான் நெனச்சேன்" என்றான். சென்னையில் ஒரே பேராசிரியரிடம், ஒரே விடுதி அறையில் இருந்து இரண்டு பேரும் ஆராய்ச்சி செய்தவர்கள். எட்டு வருடத்துக்கு முன் அவனுடைய தகப்பனார் தவறிப்போனதும் அவன் பாதியில் கணக்கை மூடிவைத்துவிட்டு இங்கே வந்து பனியன் கம்பெனியைப் பார்க்க ஆரம்பித்தான். அன்றைக்குப் பிரிந்தவர்கள் இன்றைக்குத்தான் பார்க்கிறோம்.

எங்கள் ஆராய்ச்சி என்ன என்று ஒரு பந்தியில், அதாவது ஒரு பத்தியில், சொல்லப் பார்க்கிறேன். சலிப்பு வருகிறவர்கள் அடுத்த பந்திக்குத் தாண்டிவிடலாம். வானத்தில் எங்கோ இரண்டு பெரிய நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றினால், அந்தச் சுற்றலில் விண்வெளியே நடுங்கும். அந்த நடுக்கம் பரவி வருவதுதான் ஈர்ப்பு அலை. வழியில் கூழாங்கற்களை வட்டமாக மிதக்கவிட்டு வைத்திருந்தால், அலை கடக்கும்போது அந்த வட்டம் ஒரு பக்கம் நீண்டு மறுபக்கம் ஒடுங்கும். பிறகு மாறி நடக்கும். நேராக நீள்வது ஒரு விதம், சாய்வாக நீள்வது இன்னொரு விதம். உலகம் ஒப்புக்கொண்ட கொள்கையில் இந்த இரண்டு அலைகள்தான். நாங்கள் எடுத்துக்கொண்டது அதற்கு மாற்றான ஒரு கொள்கை. அதில் ஈர்ப்போடு இன்னொரு புலமும் கலந்திருக்கிறது. அப்படியானால் மூன்றாவதாக ஒரு அலை உண்டா? வட்டம் வட்டமாகவே ஊதி, வட்டமாகவே சுருங்குகிற அலை? உண்டு என்று நாச்சிமுத்து அந்தக் காலத்திலேயே அடித்துச் சொன்னான். இல்லை என்று இப்போது நான் நாற்பது பக்கத்தில் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். எந்த அலையையும் எவரும் இதுவரை கண்ணால் கண்டதில்லை, அது வேறு விஷயம்.

அந்த நாற்பது பக்கத்தைத்தான் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தேன். ஐரோப்பாவில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு வருடம் இருந்து வேலை செய்ய இடம் கொடுக்கிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் எடுப்பதில்லை. எனக்கு முப்பத்தொன்பது. விண்ணப்பத்தோடு இந்தக் கட்டுரையும் போக வேண்டும். கணக்கின் அடித்தளம் இரண்டு பேரும் சேர்ந்து போட்டது, ஆகவே இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். அந்த வாரக் கடைசிக்குள் தபாலில் போட்டால்தான் நேரத்துக்குப் போய்ச் சேரும். நான் எழுதிய மூன்று கடிதத்துக்கும் நாச்சிமுத்து ஒரே பதில்தான் எழுதினான்: "கணக்கு எங்கியோ இடிக்குது. எங்கேன்னு எனக்குச் சொல்லத் தெரியல. என்ன வேணாலும் கேளு, கையெழுத்து மட்டும் கேக்காதே." அதனால்தான் நேரிலேயே வந்துவிட்டேன்.

அன்றிரவு அவன் மனைவி சரஸ்வதி சந்தகை செய்திருந்தார். நம் இடியப்பத்துக்கு உடன்பிறப்பு அது. ஆனால் செய்முறை தலைகீழ். நாங்கள் மாவைப் பிழிந்து அவிப்போம், இவர்கள் அவித்துவிட்டுப் பிழிகிறார்கள். அதற்குத் தேங்காய்ப்பாலும் வெல்லமும். சொதியும் சம்பலும் இல்லாமல் இடியப்பமா என்று முகத்தைச் சுளித்த நான், நான்காவது தட்டில்தான் நிறுத்தினேன். "ஏனுங்ணா, அதுக்குள்ள போதுமுங்களா? ஊட்டுக்கு வந்த ஒறம்பரை இப்படிக் கொறிச்சா நாங்க என்னன்னு நெனைக்கறது?" என்றார் சரஸ்வதி. ஒறம்பரை என்றால் விருந்தாளி. அந்த வீட்டில் ஒறம்பரையின் வார்த்தைக்கு மறு வார்த்தை கிடையாது என்பதை, சாப்பாட்டைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் கண்டேன். கட்டுரைப் பேச்சை எடுத்தேன். நாச்சிமுத்து, "மொதல்ல தூங்கு, காத்தால பேசிக்கலாம்" என்று எழுந்துவிட்டான்.

காலையில் கம்பெனிக்குக் கூட்டிப் போனான். உருண்டையான இயந்திரம் சுற்றிக்கொண்டே நூலை விழுங்கி, அடியில் நீளக் குழாயாகத் துணியைக் கக்குகிறது. சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதும் கேட்காது. பஞ்சு மூக்குக்குள்ளேயே போகிறது. ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. அப்பாடா என்று இருந்தது எனக்கு, தலையில் கைவைத்துக்கொண்டான் அவன்.

கரண்ட் போன நேரத்தில் செக்கிங் பகுதிக்குப் போனோம். அங்கே மாராத்தாள் இருந்தார். நாற்பது வயதிருக்கும். கம்பெனியில் பதினைந்து வருடம். துணியில் குறை பார்ப்பதும், புது நூல் வந்தால் வெளுத்தபின் எவ்வளவு சுருங்கும் என்று சோதிப்பதும் அவர் வேலை. அதைப் பொறுத்துத்தான் பனியனை எவ்வளவு பெரிதாக வெட்டுவது என்று முடிவு செய்வார்கள். சோதிக்கிற முறையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. காப்பி குடிக்கிற பித்தளை டம்ளரை எடுத்துத் துணிமேல் கவிழ்த்தார். விளிம்பைச் சுற்றிச் சாயம் போகாத சிவப்பு நூலால் வட்டமாக ஒரு தையல் போட்டார். துணி வெளுத்து, காய்ந்து வந்தபின் அதே டம்ளரை அதே வட்டத்தின்மேல் திரும்பவும் கவிழ்த்துப் பார்ப்பாராம். அவ்வளவுதான் சோதனை.

நாச்சிமுத்துவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. தைத்த துணியைக் கையில் எடுத்து அகலவாக்கில் இழுத்தான். சிவப்பு வட்டம் பக்கவாட்டில் நீண்டு, மேலும் கீழும் ஒடுங்கியது. நீளவாக்கில் இழுத்தான், மாறி நடந்தது. மூலைவாக்கில் இழுத்தான், வட்டம் சாய்வாக நீண்டது. "இந்தா, உம்பட ரெண்டு அலை" என்றான். பிறகு போன மாதம் வெளுத்த ஒரு பழைய துண்டை எடுத்துப் போட்டு டம்ளரைக் கவிழ்த்தான். வட்டம் தெரியவே இல்லை. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் உள்ளே ஒடுங்கி, டம்ளருக்கு அடியில் மறைந்து கிடந்தது. "இது எம்பட மூணாவது. கண்ணால பாத்துக்கோ."

"துணி வேறை, வெளி வேறையடாப்பா. பகிடி விடாதை. கணக்கிலை காட்டு, நான் ஒத்துக்கொள்ளுறன்" என்றேன். அவன் என் தாள்களை வாங்கிக் கரண்ட் வரும்வரை புரட்டினான். பதினேழாம் பக்கத்தில் நின்றான், திரும்ப முதல் பக்கத்துக்குப் போனான். கடைசியில், "எனக்கு இதெல்லாம் மறந்துபோச்சுப்பா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு இயந்திரத்துப் பக்கம் போய்விட்டான். எனக்குப் பாவமாகவும் இருந்தது, வெற்றி பெற்றதுபோலவும் இருந்தது. இரண்டாவதுதான் கூடுதல் என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மூன்றாம் நாள் வெளுக்கிற இடத்தைப் பார்க்கப் போனேன். நொய்யல் ஆற்றோரம், வரிசையாக மருந்துத் தண்ணீர்த் தொட்டிகள். துணி மூட்டைகள் ஏற்றிய மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டேன். மூட்டைமேல் மெத்தென்று உட்கார்ந்து, ஆகா, என்ன சுகம் என்று கால்நீட்டிக்கொண்டு போனேன். திரும்பி வரும்போதும் அப்படியே உட்கார்ந்ததுதான் வினை. அந்த மூட்டை பாதி வெளுத்த ஈரத் துணி. கம்பெனி வாசலில் இறங்கியபோது பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என்னுடைய ஒரே நல்ல கறுப்புக் கால்சட்டையின் பின்பக்கம் பெரிதாக இரண்டு வெள்ளைத் திட்டு. "சாருக்கு நல்லா வெளுத்திருக்குதுங்க, சுருங்கலீங்க" என்றார் மாராத்தாள். அன்றிலிருந்து நாச்சிமுத்துவின் வேட்டியில்தான் என் காலம் போனது.

என்னைக் கேலி செய்தவரிடம் என் படிப்பைக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு முறுக்கு வந்துவிட்டது. புதிதாக வந்த நூலில் நெய்த துணி அன்றைக்குச் சோதனைக்குப் போகவிருந்தது. "டம்ளர் எல்லாம் ஒரு அளவோ? இத்தனை அங்குலம், அதிலை இத்தனை பங்கு எண்டு சொல்லத் தெரிய வேணும்" என்று ஆரம்பித்தேன். ஒரு கஜத் துண்டு வெட்டச் சொன்னேன். அதே துணியில் ஒரு பட்டையும் வெட்டி, அங்குலத்துக்கு ஒரு சிவப்புத் தையலாக முப்பத்தாறு தையல் போடச் சொன்னேன். கடையில் வாங்கும் மெழுகு பூசிய அளவு நாடா மருந்துத் தண்ணீரில் கெட்டுவிடும், அதனால்தான் துணியிலேயே அளவுகோல் என்று விளக்கமும் சொன்னேன். அந்தப் பட்டையைத் துண்டின் ஓரத்திலேயே நூல் ஓட்டி இணைத்துவிட்டால், எந்த அளவு எந்தத் துண்டுக்கு என்று மாறிப்போகாது. எவ்வளவு ஒழுங்கு, பாருங்கள்.

மாராத்தாள் ஊசியை நிறுத்திவிட்டு, "ஏனுங்க சார், இதையுங்கூடவா தொட்டிக்குள்ள போடறது?" என்று கேட்டார்.

"ஓம், சேர்த்துத்தான். அப்பதான் பிழை வராது" என்றேன்.

அவர் நாச்சிமுத்துவைப் பார்த்தார். நாச்சிமுத்து கட்டிங் மாஸ்டரோடு எதையோ பேசிக்கொண்டிருந்தவன், திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒறம்பரை சொல்றாப்படி செஞ்சு குடு மாராத்தா" என்றான். அவரும், "செரீங்க" என்று தைத்துக் கொடுத்தார். நான் அந்தப் பக்கம் போனதும் துண்டின் நடுவில் தன் டம்ளர் வட்டத்தையும் ஒன்று தைத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியாது.

துணி வெளுத்துக் காய்ந்து வர ஒரு நாள் ஆகும். அந்த நாளில் வெள்ளகோவிலில் சரஸ்வதியின் தாய்வீட்டில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். சரஸ்வதி முதல் நாளே போய்விட்டார். நானும் நாச்சிமுத்துவும் பஸ்ஸில். எனக்கு முன்னால் வடக்கிலிருந்து பனியன் வாங்க வந்த ஒரு வியாபாரி உட்கார்ந்திருந்தார். அவர் தன் கூட்டாளியிடம் இந்தியில் ஏதோ சொல்லி அங்கலாய்த்தார். நாச்சிமுத்து எனக்கு மொழிபெயர்த்தான்: "இந்த ஊர்ல எவனும் இல்லேன்னு சொல்ல மாட்டேங்கறான். நாளைக்குத் தர முடியுமான்னு கேட்டா எல்லாரும் ஆமாங்கன்னுதான் சொல்றாங்க. எது நெசம்னு நாமதான் கண்டுபிடிக்கோணும்." நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம்.

பாதி வழியில் டயர் வெடித்தது. ஆளாளுக்கு இறங்கி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊரென்றால் இதற்குள் டிரைவரை நாலு பேர் பேசித் தீர்த்திருப்பார்கள். இங்கே ஒரு அம்மாள் கூடையைத் திறந்து, கூட வந்த முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கச்சாயம் எடுத்துக் கொடுத்தார். வெல்லம் போட்டுச் சுட்ட பண்டம், சூடு ஆறாமல் இருந்தது. டிரைவருக்கு இரண்டு.

மரத்தடியில் நான் மனம் விட்டுப் பேசிவிட்டேன். கொழும்பில் எனக்கு மேசை உண்டு, நாற்காலி உண்டு, பேசுவதற்கு ஒரு ஆள் இல்லை. ஏழு வருடமாக ஒரே பாடத்தை முதலாம் வருடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இந்த ஒரு வருடம் கிடைத்தால் நான் ஆராய்ச்சிக்காரனாகவே சாவேன், கிடைக்காவிட்டால் இனி இல்லை. நாச்சிமுத்து கச்சாயத்தைத் தின்று முடித்தான். கையை வேட்டியில் துடைத்தான். "குடு" என்றான்.

"என்னத்தை?"

"உம்பட காயிதத்தத்தான். பேனா இருக்குதா?"

யாரோ ஒருவரின் டிபன் கேரியர் மூடிமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான். படித்துப் பார்க்கவில்லை. "போதுமில்ல? இனி சந்தோசமா இரு" என்றான். கடைசியில் என் கணக்கு அவனுக்கு விளங்கிவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். காதுகுத்தில் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் காலை துணி வந்தது. மத்தியானத் தபாலில் கட்டுரையைப் போட்டுவிட்டு மறுநாள் புறப்படுவதாக ஏற்பாடு. எதற்கும் என் சோதனையின் முடிவைப் பார்த்துவிடலாம் என்று போனேன். பட்டையைப் பிரித்தெடுத்து, துண்டோடு வைத்து நானே அளந்தேன். நீளம் முப்பத்தாறு. அகலத்திலும் பட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தேன், தொட்டிக்குப் போகும்போது இருந்த அளவேதான். "பாருங்கோ! ஒரு நூல்கூடச் சுருங்கேல்லை! அருமையான நூல்!" என்று கத்திவிட்டேன். கட்டிங் மாஸ்டர், தையல்காரர்கள், நாச்சிமுத்து, எல்லாரும் வந்து சேர்ந்தார்கள். "அப்படீன்னா பெருசா வெட்ட வேண்டீதில்லீங்களா?" என்று மாஸ்டர் கேட்டார். "தேவையே இல்லை" என்றேன் நான்.

மாராத்தாள் முன்னால் வந்தார். துண்டை விரித்தார், டம்ளரை எடுத்தார், நடுவில் கவிழ்த்தார். சிவப்பு வட்டத்தைக் காணவில்லை. டம்ளரைத் தூக்கினார். அடியில், எல்லாப் பக்கமும் ஒரு தீக்குச்சித் தடிப்புக்கு உள்ளே போய் வட்டம் உட்கார்ந்திருந்தது.

"அப்ப இது?" என்று நான் என் பட்டையை ஆட்டினேன்.

"அது துணிகூடவே குளிச்சுட்டு வந்திருக்குதுங்க சார்" என்றார் மாராத்தாள். "துணி எத்தனை சுருங்குச்சோ அதுவும் அத்தனை சுருங்கீருச்சு. பொறவு அதுல அளந்தா என்னத்தைத் தெரியும்? எம்பட டம்ளரு தொட்டிக்குப் போகலீங்களே."

கம்பெனியே சிரித்தது. "நீங்க இது தெரிஞ்சுதான் தைச்சனீங்களோ? ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன். "ஒறம்பரை ஆசைப்பட்டுச் சொல்றீங்க, மூஞ்சிக்கு நேரா எப்படீங்க தப்புன்னு சொல்றது?" என்றார். நானும் சிரித்தேன். வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தவன் பாதியில் நின்றுவிட்டேன். பதினேழாம் பக்கம் நினைவுக்கு வந்தது.

பதினேழாம் பக்கத்தில் நான் ஒரு அளவுகோலைத் தேர்ந்தெடுத்திருந்தேன். அதை வைத்து எழுதினால் சமன்பாடுகள் அழகாக, சுருக்கமாக வரும். அந்த அழகில் மயங்கித்தான் எடுத்தேன். ஆனால் அந்தக் கொள்கையின் புதுப் புலம் வட்டத்தை ஊதச் செய்யும்போது அந்த அளவுகோலையும் அதே பங்கு ஊதச் செய்கிறது. வட்டமும் ஊதி, கோலும் ஊதினால் வட்டம் மாறவில்லை என்றுதான் வரும். நிசமான மனிதன் அப்படிப்பட்ட கோலால் அளப்பதில்லை. இரும்புக் கம்பியால் அளப்பான், டம்ளரால் அளப்பான். அப்படி அளந்தால் மூன்றாவது அலை பளிச்சென்று நிற்கும். நான் இல்லை என்று நாற்பது பக்கம் எழுதியது, முப்பத்தாறு தையல் போட்ட அந்தத் துணிப்பட்டைதான்.

நாச்சிமுத்து சொன்னது சரி. எட்டு வருடத்துக்கு முன்னும் சரி, இப்போதும் சரி. ஆனால் அது அவனுக்கே தெரியாது. உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

உள்ளதை எழுதிவிடுகிறேன். நான் உடனே அவனிடம் சொல்லவில்லை. சரஸ்வதி போட்ட அரிசிம்பருப்புச் சோற்றை ருசி தெரியாமல் சாப்பிட்டேன். பிறகு கட்டுரையை எடுத்துக்கொண்டு தனியாகத் தபால் நிலையத்துக்கு நடந்தேன். அந்த ஐரோப்பிய ஆராய்ச்சி நிலையத்தில் இந்தப் பிழையை யாராவது கண்டுபிடிக்க மாதங்கள் ஆகும். அதற்குள் நான் அங்கே போயிருப்பேன், போனபின் நானே திருத்திக்கொள்ளலாம். இப்படியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. உள்ளே இருந்தவர் உறையை வாங்கித் தராசில் வைத்து, "ரிஜிஸ்தர் பண்ணீறலாமுங்களா?" என்று கேட்டார். உறையின் மேல் எங்கள் இரண்டு பேரின் பெயரும் இருந்தது. அவன் பெயரைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. "வேண்டாம், குடுங்கோ" என்று திரும்ப வாங்கிக்கொண்டேன். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர், "ஏனுங்க, அட்ரஸ் தப்பா எழுதீட்டீங்களா?" என்று கரிசனமாகக் கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

நாச்சிமுத்து துணி மூட்டைகளுக்கு நடுவில் நின்று ஆளுக்கு ஒரு வேலை சொல்லிக்கொண்டிருந்தான். "ஒரு விஷயம் கேக்கிறன், ஒளிக்காமல் சொல்லு. என்ர கணக்குச் சரி எண்டு நினைச்சோ நீ கையெழுத்துப் போட்டாய்?"

அவன் கையிலிருந்த துணியை மூட்டைமேல் வைத்தான். "இல்லப்பா" என்றான்.

"பிறகு ஏன் போட்டாய்?"

"அத்தனை தொலைவு கடல் தாண்டி எம்பட ஊட்டுக்கு வந்திருக்கறே. உன்னை வெறுங்கையோட எப்படி அனுப்பறது? தப்புன்னா தப்பு எம்பட பேருக்குந்தான் வருது, வரட்டுமே. இனி எனக்கு அங்கெல்லாம் என்ன பேரு இருக்குது?"

நான் அவனை ஒரு மூட்டைமேல் உட்காரவைத்து, பதினேழாம் பக்கத்தை விரித்து, அதன்மேல் என் சிவப்புத் தையல் பட்டையை வைத்தேன். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அவன் பட்டையைப் பார்த்தான், சமன்பாட்டைப் பார்த்தான், திரும்பப் பட்டையைப் பார்த்தான். பிறகு அந்தப் பெரிய மனிதன், முப்பது பேருக்கு முதலாளி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதான். "எட்டு வருசமா, எனக்குத்தான் ஒண்ணும் தெரியலன்னு இருந்தேன். வயசுல என்னமோ உளறீட்டோம், பனியன்தான் நமக்கு லாயக்குன்னு மனசத் தேத்திக்கிட்டேன்ப்பா" என்றான். எனக்கும் கண் கலங்கியது. நல்லவேளையாகக் கரண்ட் இருந்தது, இயந்திரச் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

கையெழுத்துப் போட்ட தாளை நான்தான் கிழித்தேன். அவன் தடுக்கப் பார்த்தான். "அப்ப உம்பட ஒரு வருசம்?" என்றான். "அது தொட்டிக்குள்ளை போயிட்டுது" என்றேன். மிச்ச நேரமெல்லாம் இரண்டு பேரும் கட்டிங் மேசையில், பனியன் அளவு வரைகிற பழுப்புத் தாளில், பதினேழாம் பக்கத்திலிருந்து திரும்பக் கணக்குப் போட்டோம். அவனுக்கு எதுவும் மறக்கவில்லை. என்னைவிட வேகமாகப் போட்டான். மறுநாள் ரயிலில் ஏற்றிவிடும்போது ஒரு டஜன் பனியன் கொடுத்தான். எல்லாம் வெளுத்தபின் டம்ளரில் பார்த்தது என்றான்.

அந்த ஒரு வருடம் வேறு யாருக்கோ கிடைத்தது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். நாற்பதாவது பிறந்தநாளன்று முழு நாளும் நான் யாரோடும் கதைக்கவில்லை. புதுக் கணக்கைக் கடிதத்திலேயே போட்டு முடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. கட்டுரை அச்சில் வந்தபோது நாச்சிமுத்துவின் பெயரை முதலில் போட்டேன். கடைசியில், ஒரு அளவு முறையைச் சுட்டிக்காட்டியதற்காகத் திருப்பூர் மாராத்தாளுக்கு நன்றி என்று ஒரு வரி. பிரதி ஒன்றைத் திருப்பூருக்கு அனுப்பினேன்.

நாச்சிமுத்து பதில் எழுதியிருந்தான். செக்கிங் பகுதியில் எல்லாரையும் உட்காரவைத்து, அச்சில் இருந்த மாராத்தாளின் பெயரைக் காட்டினானாம். அவர் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த அலை வந்துருச்சுங்களா?" என்று கேட்டாராம். இன்னும் எவரும் பார்க்கவில்லை, வர எத்தனையோ வருடம் ஆகலாம் என்று இவன் சொல்லியிருக்கிறான்.

"வாரப்ப வரட்டுமுங்க" என்றாராம் மாராத்தாள். "அளக்கறவீங்களை டம்ளரைக் கையில கெட்டியாப் புடிச்சுக்கச் சொல்லி எழுதுங்க. நம்ம சிலோன் சாராட்டம், அதையும் தூக்கித் தொட்டிக்குள்ள போட்டறப் போறாங்க."